எழுதிய எண்ணுக்கு யார் பொறுப்பு?

ஸ்லைடு ரூல் புள்ளி வைக்காது. 2.5-ஐ 4.8-ஆல் பெருக்கினாலும் 250-ஐ 48-ஆல் பெருக்கினாலும் அது காட்டும் இடம் ஒன்றுதான். விடை பன்னிரண்டா, பன்னிரண்டாயிரமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அதைக் கையில் பிடித்திருப்பவர். கிளார்க்ஸ் டேபிள்ஸ் என்று நாங்கள் தூக்கித் திரிந்த மடக்கை அட்டவணையும் அப்படித்தான். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை அட்டவணை தரும். முன்னால் வரும் முழு எண்ணை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 1979-இல் புகுமுக வகுப்பு முடித்து ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பில் சிவில் பிரிவில் சேர்ந்தபோது, ஒவ்வொரு கணக்கையும் நாங்கள் இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. முதலில் மனத்துக்குள் தோராயமாக, பிறகு கருவியில் துல்லியமாக. தோராயம் தெரியாதவருக்குத் துல்லியம் கிடைக்காது.

அதை யாரும் திறன் என்று அழைக்கவில்லை. அதற்குத் தனிப் பாடவேளை கிடையாது, சான்றிதழ் கிடையாது. நல்ல கருவி இல்லாத குறையால் ஒரு நல்ல பழக்கம் எங்களுக்குள் வந்து சேர்ந்தது. பிறகு கருவி நல்லதானது. பழக்கம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஓய்வுக்குப் பிறகு நான் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேரும் சிவில் மாணவர்களுக்கு முதல் பருவத்தில் வகுப்பு எடுக்கிறேன். எல்லோர் கையிலும் பத்து இலக்கம் காட்டும் கணக்குப்பொறி இருக்கிறது. அழுத்திய விசைகளுக்குச் சரியான இடத்தில் அது புள்ளி வைத்துவிடும். அழுத்திய விசைகள் சரியா என்று மட்டும் அதற்குத் தெரியாது. எங்களுக்கு இலவசமாகக் கிடைத்ததை இன்று பாடமாக வைத்துத்தான் கொடுக்க முடியும் என்பதே இந்த வேலையில் நான் கண்ட பெரிய முரண்.

போன ஆண்டு முதல் வாரத்தில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். பத்தடிக்குப் பத்தடி அறை, அதாவது 3.05 மீட்டருக்கு 3.05 மீட்டர். மேலே 125 மில்லிமீட்டர் தடிமனில் காங்கிரீட் தளம். எத்தனை கன மீட்டர் காங்கிரீட் வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவி 1162.81 என்று எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டிருந்தாள். மில்லிமீட்டரை மீட்டராக மாற்றாமல் பெருக்கிவிட்டாள். அந்தப் பிழை யாருக்கும் வரும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த எண்ணைப் பார்த்து அவளுக்குத் திடுக்கென்று இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

"ரெடிமிக்ஸ் லாரி ஒண்ணுல ஆறு கன மீட்டர் வரும்மா. உன் ரூமுக்கு எத்தனை லாரி வேணும்?"

வகுத்துப் பார்த்தாள். "நூத்தித் தொண்ணூத்தி நாலு, மேம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகத்தில் வந்ததைத்தான் நான் கற்பிக்க விரும்புகிறேன். உண்மையான விடை 1.16 கன மீட்டர். 1:1.5:3 விகிதத்தில் கலந்தால் கன மீட்டருக்குச் சுமார் எட்டு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். அந்த அறைக்கு ஒன்பது, ஒன்பதரை மூட்டை. கம்பியோடு சேர்த்துக் காங்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று கொண்டால் அந்தத் தளம் ஏறக்குறைய 2.9 டன். ஒரு பெண் யானையைத் தலைக்கு மேல் படுக்க வைத்துவிட்டு அதன் கீழே நாம் தூங்குகிறோம். இதைச் சொன்னதும் வகுப்பே ஒரு முறை கூரையைப் பார்த்தது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களில் எவரும் ஒரு கன மீட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் தொகையிடல் போட்டிருக்கிறார்கள், அணிக்கோவை போட்டிருக்கிறார்கள். 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குக் கட்-ஆஃப். அந்த இருநூறில் நூற்றுத் தொண்ணூறு வாங்கியவர்களிடம் 'ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்ன எடை இருக்கும்?' என்று கேட்டால் ஒரு டன் என்ற பதில் உடனே வருவதில்லை. மொட்டை மாடியில் அந்தத் தொட்டியைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தான். லிட்டர் ஒரு பாடத்திலும் எடை இன்னொரு பாடத்திலும் இருந்துவிட்டன, அவ்வளவுதான்.

அதனால் ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தை மரத்தில் அடித்து வைத்தோம். முதல் நாள் மாணவர்கள் அதற்குள் நின்று பார்க்கிறார்கள். நான்கைந்து பேர் நெருக்கி நிற்கலாம். பிறகு மணல். இங்கே மணல் யூனிட் கணக்கில்தான் வரும். ஒரு யூனிட் நூறு கன அடி, 2.83 கன மீட்டர். சட்டத்தைக் காட்டி, 'இது மாதிரி மூணுக்குக் கொஞ்சம் கம்மி' என்று ஒரு பையன் சொன்னபோது அவனுக்கு யூனிட் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது. கூலி பேசும்போது சதுரம் என்றால் நூறு சதுர அடி. மனை என்றால் கிரவுண்டு, 2,400 சதுர அடி. ஊர்ப்புறத்தில் சென்ட், 435.6 சதுர அடி. வரைபடத்தில் எல்லாம் மில்லிமீட்டர். கம்பி கட்டுகிறவர் மூணு நூல் கம்பி என்பார். அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே அது எட்டில் மூன்று அங்குலம், நம் தாளில் 10 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது; ஆனாலும் கட்டடத்தில் இந்த மொழிகள் எல்லாம் ஒரே நாளில் பேசப்படுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் போய்வருவதுதான் கட்டுமானக்காரருக்கான எண்ணறிவு. அதை எந்தப் பாடநூலின் முதல் அத்தியாயத்திலும் நான் பார்க்கவில்லை.

எங்கள் காலத்திலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. பொதுப்பணித் துறையில் அப்பா வேலை பார்த்த பிள்ளைகளுக்கு யூனிட்டும் சதுரமும் சாப்பாட்டு வேளையிலேயே வந்து சேர்ந்திருந்தன. தமிழ் வழியில் படித்துச் சிற்றூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வீடு இல்லை. ஆங்கிலத்தில் நடந்த வகுப்பில் முதல் ஆறு மாதம் அவர்கள் வாய் திறக்கவே இல்லை. அரியர் விழுந்து விழுந்து, கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் ஒதுங்கிப் போனார்கள். திறன் தானாக வரும் என்ற நம்பிக்கையில் நடந்த கல்வி, யாருக்கு வீட்டிலேயே வந்திருந்ததோ அவர்களுக்கு மட்டும் வேலை செய்தது. இன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலிலும் 2021 முதல் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் என் வகுப்பில் நிறைய. அவர்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டு, பாக்கியை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது நேர்மையான செயலாகாது.

சர்வே கேம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அங்கேதான் படிப்பு தொடங்கியது.

எங்கள் வகுப்பில் பெண்களின் எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். கிண்டியில் 1940-களில் சிவில் படித்த பி.கே. திரேசியா அப்போதே கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவி வரை போய்விட்டார். என்றாலும் எங்கள் கேம்ப்பில் பெண்களுக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்றே ஒன்றுதான். மட்டம் பார்க்கும் கருவியான டம்பி லெவலைப் பையன்கள் பார்ப்பார்கள், அளவுக்கோலான ஸ்டாஃபைப் பையன்கள் பிடிப்பார்கள். "நீங்க நிழல்ல உக்காந்து புக்கிங் பண்ணுங்க" என்று லெவல் புக்கை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். பாராட்டுப் போல் சொல்லப்பட்ட அந்த ஒதுக்கலில் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆனால் அந்த நோட்டுதான் என்னைப் பொறியாளர் ஆக்கியது. லெவல் புக்கில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சரிபார்ப்பு உண்டு. பேக் சைட், அதாவது பின்பார்வை, எல்லாவற்றையும் கூட்டு. ஃபோர் சைட், அதாவது முன்பார்வை, எல்லாவற்றையும் கூட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏற்றங்களின் கூட்டலுக்கும் இறக்கங்களின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசிப் புள்ளியின் மட்டத்துக்கும் முதல் புள்ளியின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே எண்ணாக வர வேண்டும். மூன்று வழியில் ஒரே எண். வராவிட்டால் பக்கம் தவறு. யாரையும் கேட்க வேண்டாம், பேராசிரியர் திருத்த வேண்டாம், நோட்டே சொல்லிவிடும். நான் எழுதியது சரியா என்று எனக்கு நானே கண்டுபிடிக்கும் வழி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாள் அது. இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்களிடம் இருந்த பயம் அன்றோடு பாதி குறைந்தது.

இன்னொன்றும் அந்தக் கணக்குக்குள் இருந்ததைப் பிறகு புரிந்துகொண்டேன். பார்வை தவறாக எடுக்கப்பட்டிருந்தால் கூட்டல் சரிபார்ப்பு அதைக் காட்டாது. கூட்டலின் பிழையை மட்டுமே காட்டும். அதற்குத்தான் தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து மட்டத்தை மூட வேண்டும். எந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்திருப்பது கணக்கை விடப் பெரிய அறிவு.

இன்று கேம்ப்பில் டோட்டல் ஸ்டேஷன் நிற்கிறது. பெண்கள்தான் பெரும்பாலும் கருவியைப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் புக்கிங் என்ற வேலையே இல்லை. கருவி தன் நினைவில் போட்டுக்கொள்கிறது, கணினி வரைந்து தருகிறது. எங்களை ஒதுக்கிவைக்கக் கொடுத்த நோட்டை இன்று ஆணும் பெண்ணுமாக எல்லோர் கையிலும் நான் வற்புறுத்தித் திணித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் மட்டும் டம்பி லெவல், ஸ்டாஃப், நோட்டு. கருவி மேல் எனக்குப் பகை கிடையாது. அது நல்ல கருவி. ஆனால் அதை நம்புவதற்கு முன்னால் சந்தேகப்படத் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தேகப்படுவதில் இந்த மண்ணுக்குப் பழைய பாரம்பரியம் உண்டு. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான் பிறந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில், 1802-இல் வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அங்கேதான் தொடக்கம். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்து, எஃகு எவ்வளவு நீண்டிருக்கும் என்று திருத்தித் திருத்தி அளந்தார்கள். இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஒரு கணக்கு கொடுப்பேன். நம் 30 மீட்டர் எஃகு நாடா 20 டிகிரி கூடுதல் வெயிலில் எவ்வளவு நீளும்? ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விடை வந்ததும், சித்திரை வெயிலில் மதியம் அளந்ததையும் காலையில் அளந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களே ஆசைப்படுகிறார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். ஆய்வக ரெக்கார்டு அன்று எப்படித் தயாரானது என்பது என் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். சீனியரின் ரெக்கார்டு வரும்; நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு எல்லாம் வரிக்கு வரி நம் கையெழுத்தில் இடம்பெயரும். சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. வாத்தியார்களுக்கும் தெரியும். ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுதாமலேயே பலர் பட்டம் வாங்கினார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்கிறது; மாணவர் செய்யாத சோதனைக்கும் அது அழகாக முடிவுரை எழுதும். அன்று காப்பியடிக்கக் குறைந்தபட்சம் கை வலிக்க எழுத வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அன்றும் இன்றும் நாம் கேட்ட கேள்வியே தவறு. ஏற்கெனவே தெரிந்த விடையை எழுதச் சொன்னால் ஏற்கெனவே எழுதியதைத்தான் கொண்டுவருவார்கள்.

மணல் சல்லடைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிராம் காய்ந்த மணலை அடுக்கடுக்கான சல்லடைகளில் போட்டு ஆட்டி, ஒவ்வொன்றிலும் தங்கியதை நிறுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஆயிரம் வராது. கொஞ்சம் கண்ணிகளில் சிக்கியிருக்கும், கொஞ்சம் தூசியாகப் பறந்திருக்கும். 994 வரும், 996 வரும். ஆனால் ரெக்கார்டில் எல்லோருக்கும் ஆயிரமே வந்திருக்கும். ஆறு கிராமை ஏதோ ஒரு சல்லடையில் சேர்த்துவிடுவார்கள். இது பரம்பரையாக நடக்கிறது, சொல்லித் தரப்படாமலேயே கற்றுக்கொள்ளப்படுகிறது.

அந்த ஆறு கிராமில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பதினெட்டு வயதில் ஆறு கிராமைச் சேர்த்து எழுதக் கற்றுக்கொண்ட கைதான் முப்பது வயதில், காங்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் க்யூப் டெஸ்டைச் செய்யாமலேயே அதற்கு முடிவு எழுதும். ஆகவே எங்கள் வகுப்பில் ரெக்கார்டுக்குப் பதில் அரைப் பக்கம் கேட்கிறேன். எவ்வளவு குறைந்தது, எங்கே போயிருக்கும், இந்தக் குறை முடிவை மாற்றுமா மாற்றாதா? முதலில் தமிழில் எழுதலாம். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுத உட்காருவோம். நடந்ததைத் தமிழில் தெளிவாக எழுதிவிட்டவருக்கு ஆங்கிலம் இரண்டு மாதத்தில் வழிக்கு வருகிறது. நடந்தது என்ன என்றே தெரியாதவருக்கு எந்த மொழியும் உதவுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலைத் தமிழ் வழியில் தொடங்கியபோது இதற்கு ஒரு கதவு திறந்தது. ஆங்கில வழி வகுப்புகளுக்குள்ளும் அந்தக் கதவைத் திறந்து வைக்கலாம் என்பது என் எண்ணம்.

சூத்திரங்களையும் அப்படித்தான் கேட்கிறேன். கம்பியின் விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது? எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதையும் வட்டத்தின் பரப்பையும் வைத்துக்கொண்டு அவர்களே வருவிக்க வேண்டும். வந்துவிட்டால் அலுமினியத்துக்கும் அவர்களால் எண் கண்டுபிடிக்க முடியும். முதல் முறை அதைத் தானே வருவித்த பையன் ஒருவன், வகுப்பு முடிந்தும் போகாமல் தாமிரத்துக்கும் பித்தளைக்கும் போட்டுக்கொண்டிருந்தான்.

வேலையிடத்தில் நடந்துகொள்ளும் முறையை அன்று எங்களுக்கு யார் கற்பித்தார்கள்? மேஸ்திரிகள்தான். படிப்பு முடித்து நான் நின்ற முதல் கட்டடத்தில் தளம் போடும் நாள். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தாள்கள் பாண்டு பாண்டாகத் தலையில் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபதை நெருங்கும் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"கலவை கம்பிக்குள்ள இறங்க மாட்டேங்குதும்மா. மூட்டைக்கு ஒரு அஞ்சு லிட்டர் தண்ணி சேத்துக்கவா?"

மூட்டைக்கு 25 லிட்டர் என்பது கணக்கு. ஐம்பது கிலோ சிமெண்டுக்குச் சரிபாதி. முப்பது ஆனால் 0.5 என்ற விகிதம் 0.6 ஆகிவிடும். தண்ணீர் கூடினால் வலு குறையும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். இருபது பேர் காத்து நிற்க, தாத்தா வயது மனிதரிடம் அதைச் சொல்வதற்குத் தேர்வு என்னைத் தயார் செய்யவில்லை.

"தண்ணி மட்டும் வேண்டாம் மேஸ்திரி. சேக்கணும்னா அதுக்குத் தக்க சிமெண்டும் சேத்தே போடுங்க. மொதல்ல வைப்ரேட்டரைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. பழைய கணக்கை மாத்துனா நான் எம்-புக்ல எழுதணும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுறதுன்னா சரிம்மா, உங்க இஷ்டம்" என்று சொல்லி வைப்ரேட்டரைக் கொண்டுவரச் சொன்னார். கோபம் இல்லை. எழுதப்படும் என்றால் அதற்கு ஓர் எடை உண்டு என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னாட்களில் அவரிடம் நான் கற்றது ஏராளம். மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 அடி நூல் பிடிப்பது, ட்யூபில் தண்ணீர் நிரப்பி வீடு முழுக்க மட்டம் கடத்துவது, மொட்டை மாடிக்கு வாட்டம் எந்தப் பக்கம் என்று முதலில் மழைநீர்க் குழாயைத் தேடுவது.

எம்-புக் என்ற அளவுப் புத்தகம் எங்கள் தொழிலின் மிகப் பெரிய ஆசான். பக்கங்களுக்கு எண் உண்டு, தாள் கிழிக்கக் கூடாது. மையால் எழுத வேண்டும். தவறானால் அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்த எண்ணின் மேல்தான் பணம் போகிறது, நாளைக்கு வழக்கு வந்தால் அதுதான் சாட்சி. கல்வித் திறன், எண் திறன், தொழில் திறன் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோமே, மூன்றும் அந்த ஒரு கோட்டில் அடங்கியிருக்கின்றன. எண்ணைச் சரியாகக் காண வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும், எழுதியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். முதல் பருவம் முடிவதற்குள் ஒரு வகுப்பில் அதைப் பற்றிப் பேசுகிறேன். பயமுறுத்துவதற்காகப் பேசுவதில்லை. ஒரு கட்டடம் எழும்போது மண் சோதனையிலிருந்து தூணின் கம்பி வரைக்கும் எத்தனை எண்கள் எழுதப்படுகின்றன, ஒவ்வொன்றிலும் யாருடைய கையெழுத்து இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொல்வேன். அவர்கள் எழுத எழுதப் பலகை நிரம்பிவிடும். அதில் எந்தெந்த வரியில் நாளைக்கு உங்கள் பெயர் வரக்கூடும் என்று கேட்பேன்.

இன்றைக்கு வசதி இல்லாமல் இல்லை. புதியவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்துத் தந்திருக்கிறது. மாநில அரசு 2022-இல் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. தொடர்புத் திறனுக்கு மணி ஒதுக்கப்பட்டிருக்கிறது, கணக்குக்குப் பாலப் பயிற்சி உண்டு. எங்களுக்கு ஒன்றும் கிடையாது. இவர்களுக்கு எல்லாம் உண்டு. ஆனால் பல கல்லூரிகளில் கணக்கைக் கணிதத் துறை ஓர் அறையில் எடுக்கிறது, ஆங்கிலத்தை ஆங்கிலத் துறை இன்னோர் அறையில் எடுக்கிறது, ஆளுமையை வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் குளிரூட்டிய அரங்கில் எடுக்கிறார். மூன்று இடத்திலும் ஒரு பாண்டு மணல் கிடையாது. நேர்காணலில் எப்படிக் கைகுலுக்குவது என்று தெரிந்து வெளியே வரும் பிள்ளைக்கு, "தண்ணி வேண்டாம்" என்று ஒரு மேஸ்திரியிடம் மரியாதை குறையாமல் சொல்லத் தெரிவதில்லை. இப்போது அந்த மேஸ்திரியோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களோடு பேச நாலு வரி இந்தி, சைகை, தரையில் குச்சியால் கீறிக் காட்டும் படம் எல்லாம் வேண்டும். தொடர்புத் திறன் என்றால் எங்கள் தொழிலில் அதுதான். முடிவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வைத்து இதை அளக்கிறோம். கட்டடத்தில் நான்கு விடை எழுதி வைத்திருப்பதில்லை.

என்னிடம் கேட்டால் இதற்கெல்லாம் புதிய பணம் தேவையில்லை. இருக்கும் மணிகளை இடம் மாற்றினால் போதும். எங்கள் துறையில் இந்த ஆண்டு அதற்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது. வளாகத்தில் புதிய விடுதி ஒன்று எழும்புகிறது. அஸ்திவாரம் முடிந்து தூண் கம்பி கட்டும் நிலையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு மதியம் கணக்கு ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், நான் மூவரும் முதலாண்டு மாணவர்களோடு அங்கே போகிறோம். காலையில் வந்திறங்கிய மணலை அவர்கள் முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார்கள், பிறகு நாடா பிடித்து அளப்பார்கள், பிறகு லாரிச் சீட்டோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் வந்தால் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் ஒரு மாணவர் போய்ப் பேச வேண்டும். அதை இன்னொருவர் பத்து வரியில் அறிக்கையாக எழுத வேண்டும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறுவார்கள். ஒப்பந்தக்காரர் இரண்டு நிபந்தனை போட்டார். எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும், தளம் போடும் நாளில் யாரும் குறுக்கே வரக் கூடாது. முதலாவதை ஒப்புக்கொண்டுவிட்டோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது; தளம் போடும் நாளில்தான் மாணவர்கள் அங்கே நின்றாக வேண்டும், ஓரமாக நிற்கிறோம் என்று கேட்டிருக்கிறேன். மாணவர்களுக்கான எம்-புக் அச்சகத்துக்குப் போயிருக்கிறது. பக்க எண்கள் அச்சிலேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.